தோல்வி என்று எழுதச் சொன்ன டிரையர் ஐயங்கார்

சர்க்காரிடம் பணம் வாங்கிக்கொண்டு, "என் முயற்சி தோல்வி, அப்படியே எழுதுங்கோ" என்று அதிகாரியோடு சண்டை போட்டவர் இந்த பாரத தேசத்திலேயே ஒருவர்தான். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஊதுவத்தி செய்துகொண்டிருந்த டிரையர் ஐயங்கார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஆபீஸ் ஃபைலில் இருந்தது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

சுதந்திரம் வந்த புதிது. சிறுதொழில் செய்கிறவர்கள் புது இயந்திரம் உருவாக்க முயன்றால், ஆராய்ச்சிச் செலவுக்குச் சர்க்காரே மானியம் தரும் என்று ஒரு திட்டம் வந்தது. அந்த ஆபீஸில் நான் குமாஸ்தா. வெகுநாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டுப் பணம் கொடுக்கிற சர்க்காரை ஜனங்கள் நம்பவில்லை. முதலில் வந்தவர் ஐயங்கார். கையில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்கு அடியில் கரி நெருப்பு கனன்றுகொண்டிருந்தது.

"மழைக்காலத்துல ஊதுவத்தி காயறதில்லை ஸார், பூஞ்சை பிடிக்கறது. என்கிட்ட வத்தி உருட்டற பொம்மனாட்டிகளுக்கு அப்போல்லாம் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. இது டிரையர், மழையிலேயும் காய வைக்கும். பாக்கறேளா?"

எங்கள் சூப்பரின்டெண்ட் பதில் சொல்வதற்குள், மேஜைமேல் அவர் கழற்றி வைத்திருந்த நனைந்த ஜரிகைத் தலைப்பாகையை ஐயங்கார் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். திறந்தபோது தலைப்பாகை நன்றாகக் காய்ந்திருந்தது. நடுவில் தோசை அகலத்துக்கு ஓர் ஓட்டையும் இருந்தது.

"ஓட்டையைப் பாக்காதேங்கோ ஸார். காய்ஞ்சிருக்கா, அதைப் பாருங்கோ!"

சூப்பரின்டெண்ட் அன்றைக்கே சிபாரிசு எழுதினார். "இவர் இனிமே ஆபீஸ் பக்கம் வரக்கூடாது. நீ அங்கே போய்ப் பார்த்துட்டு வா" என்று என்னிடம் சொன்னார்.

அதனால் ஐயங்காரின் பட்டறை இருந்த மண்டி மொஹல்லா சந்துக்கு அடிக்கடி போகும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. ஓர் ஆள் உள்ளே நிற்கும் அளவுக்குப் பெரிய டிரையர் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஐயங்கார் முதலில் அப்பளம் காயவைத்தார். பிறகு பக்கத்து வீட்டுத் துணிகள். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒருநாள் நான் போனபோது பெட்டிக்கு உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"யாரு, குமாஸ்தாவா? உட்காரும் ஓய், வந்துடறேன்!"

"உள்ளே என்ன செய்கிறீர்?"

"வத்திக்கு வாய் ஏது? சூடு எப்படி இருக்குன்னு நாமதான் தெரிஞ்சுக்கணும்!"

கொள்ளேகாலிலிருந்து பிழைக்க வந்த மாராயி, வத்தி உருட்டும் பெண்களில் மூத்தவள். தலை நிமிராமல் சொன்னாள்: "ஏனுங்க சாமி, வேகறதுக்குள்ள வெளிய வந்துருங்க."

தக்காளி நிறத்தில் வெளியே வந்தார். முகத்தில் பரம திருப்தி.

பரிசோதனை நாளும் வந்தது. பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். தமிழர், சாது. வெளியே விடாத தூறல். கையிருப்பில் இருந்த ஈர வத்தி முழுவதையும் ஐயங்கார் டிரையரில் அடுக்கி, கரியைக் கிளறிவிட்டு, "ஆரம்பம்!" என்றார்.

முதலில் சந்தன வாசனை வந்தது. அதிகாரி மெச்சித் தலையசைத்தார். பிறகு புகை வந்தது. பிறகு புகை மட்டுமே இருந்தது. அத்தனை வத்தியும் ஒரே சமயத்தில் பற்றிக்கொண்டு, மண்டி மொஹல்லா முழுக்க மணத்தது. தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எந்த சாமிக்கு உற்சவம் என்று ஒரு பெரியவர் கன்னடத்தில் விசாரித்தார். அணைக்க வந்த தீயணைப்புக்காரர்களில் ஒருவர் கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர் அடித்தார்.

எல்லாம் ஓய்ந்ததும் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மிஸ்டர் ஐயங்கார், 'ஓரளவு வெற்றி'ன்னு எழுதிடறேன். அப்பத்தான் அடுத்த மானியம் வரும். தோல்வின்னா இத்தோட சரி."

"தோல்வின்னே எழுதுங்கோ."

"ஏன் ஸார், நான் உமக்கு நல்லதுதானே சொல்றேன்?"

"நீங்க வெற்றின்னு எழுதினா, ஹாஸன்ல ஒருத்தன் அதை நம்பி இதே பெட்டியைக் கட்டுவான். அவனுது கூரை வீடா இருந்தா? கரி நெருப்பு ஆகாதுன்னு கண்டுபிடிச்சிருக்கேன். சர்க்கார் காசு குடுத்தது கண்டுபிடிக்கத்தானே!"

அதிகாரி பேனாவைத் திறந்தார். பிறகு பெரிய எழுத்தில் 'தோல்வி' என்று எழுதினார். அதன் கீழே, இவருக்கு மறுபடியும் மானியம் தரலாம் என்றும் எழுதினார். இதற்கு விதியே கிடையாது என்று எங்கள் சூப்பரின்டெண்ட் ஓய்வு பெறும்வரை முனகிக்கொண்டிருந்தார்.

விதியில்லாத காரியம் மெதுவாகத்தானே நடக்கும்? அந்த மழைக்காலம் முழுவதும் பணம் வரவில்லை. பெண்களுக்கு வேலை இல்லை. ஒருநாள் என் எதிரிலேயே மாராயி கேட்டுவிட்டாள்.

"அந்த ஐயாதான் நல்லபடியா எழுதறேன்னாருங்களே, நீங்க எதுக்குங்க வேண்டாம்னீங்க? எங்க வயித்துக்கு யாருங்க சாமி பதில் சொல்றது?"

ஐயங்கார் கரி படிந்த தகரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் இரண்டாவது மானியம் வந்தது. இந்த முறை உள்ளே நெருப்பு இல்லை. வெளியே ஒரு கொப்பரையில் வெந்நீர். அதன் ஆவி குழாய் வழியாகப் பெட்டியைச் சுற்றி வந்தது. அடுத்த மழையில், நாங்கள் எல்லோரும் வாசலருகில் தப்பி ஓட வசதியாக நின்றிருந்தபோது, மாராயி ஒரு வத்தியை எடுத்து ஒடித்தாள். சடக்கென்று முறிந்தது.

"காஞ்சிருச்சுங்க" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடனே வத்தி மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷத்திலிருந்து அங்கே மழைக்காலத்திலும் வேலை நடந்தது.

சில காலம் கழித்து என்னைச் சிவமொக்காவுக்கு மாற்றினார்கள். ஐயங்கார் ரயிலடிக்கு வந்தார். என்னோடு பேசாமல், பாய்லர் விஷயமாக எஞ்சின் டிரைவரோடு வாதாடிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்ததும்தான் ஞாபகம் வந்து, ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு குடையைத் திணித்தார்.

"அங்கே மழை ஜாஸ்தி ஓய்! இது நானே ரிப்பேர் பண்ணினது!"

குடை ரயில் பெட்டிக்குள் தானாகவே விரிந்து எதிர்சீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. பிறகு மூடவே இல்லை. சிவமொக்காவரை எல்லோருடைய வசவையும் வாங்கிக்கொண்டு, அதை விரித்தபடியே பிடித்துக்கொண்டு போனேன்.

இப்போதும் அது என் வீட்டு மூலையில் விரிந்தபடிதான் நிற்கிறது. இடத்தை அடைக்கிறது, குடை ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள் என்று வீட்டில் சொல்லாத நாளில்லை. அதை வேறு ஒருவர் தொட விட எனக்கு மனசு வரவில்லை.