காலமானவர்களுக்கு மட்டும்

ஒரு காட்டில், அதுவும் மார்கழி பிறந்தால் குளமே கல்லாக இறுகிப்போகும் உயரத்துக் காட்டில், விலங்குகளுக்கெல்லாம் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் பிடித்திருந்தது. சுற்றுலா வந்தவர் தவறவிட்ட செல்போனில் குரங்கு பார்த்துவிட்டு வந்து சொன்ன விளையாட்டு அது. மட்டைக்கு வளைந்த கொம்புகள் கிடைத்தன. கறுப்பாக, வட்டமாக, தட்டையாக ஒன்று வேண்டுமே என்று யோசித்தபோது, யானை முகத்தைத் திருப்பிக்கொண்டு உதவி செய்தது. பனியில் உறைந்துவிட்டால் லத்தி நல்ல வட்டு. வாடைகூட வராது, வெயில் ஏறும் வரைக்கும்.

அந்தக் காட்டின் பெரிய ஆட்டக்காரன் நீர்நாய் மாசாணம். மற்றவர்கள் நாலு காலும் நாலு திசைக்குப் போகத் தடுமாறுகையில், அவன் மட்டையை வாயில் கவ்விக்கொண்டு வயிற்றாலேயே வழுக்கிப் போய் கோல் போட்டுவிடுவான். இந்தக் குளிரோடு அவன் முட்டி போய்விட்டது. வயிற்றால் ஆடுகிறவனுக்கு முட்டி எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள். கதைக்கே கால் கிடையாது.

மட்டையைக் கரையில் வைத்தவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். பட்டுப்போன பெரிய மரத்தின் பொந்தில் இருக்கும் புகழ் மண்டபத்தில் தன் பெயர் ஏற வேண்டும். அதுகூடப் பெயருக்காக இல்லை, அப்பாவுக்காக. "ஊரான் பிள்ளையெல்லாம் மீன் புடிக்குது, எம்பிள்ளை லத்தியத் தொரத்துது" என்பதுதான் மகனைப் பற்றி அவர் சொல்லும் ஒரே வாக்கியம். மாசாணம் ஒருநாள் வாய்விட்டே கேட்டான், ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா என்று. "மண்டபத்துல உம்பேரு ஏறட்டும், பார்க்கலாம்" என்றார் அப்பா.

ஆகவே மாசாணம் நொண்டிக்கொண்டே மண்டபத்துக்குப் போனான். அங்கே தேர்வுக் குழுத் தலைவர் ஆமையும், உறுப்பினர் கரடியும், பெயர் வெட்டும் மரங்கொத்தியும் இருந்தார்கள்.

கரடி எடுத்த எடுப்பிலேயே உதட்டைப் பிதுக்கியது. "இவனெல்லாம் ஆட்டக்காரனா தலைவரே? நம்ம காலத்துல நின்னு ஆடுனோம். இந்தக் காலத்துப் பசங்க படுத்துக்கிட்டு ஆடுறாங்க."

"கோல் போட்டேனா இல்லையா?" என்றான் மாசாணம்.

"போட்டே, யாரு இல்லேன்னா? அடிக்கடி போட்டே. அதுல என்ன மதிப்பு? தலைவர் வாழ்நாள்ல ஒரே ஒரு கோல் போட்டாரு. இன்னிக்கும் பேசுறோம்."

அது உண்மை. ஆமை மார்கழியில் வட்டைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. தை முடிந்தும் போய்ச் சேரவில்லை. பனி உருகி, வட்டு தானாகவே மிதந்து கோலுக்குள் போனது.

ஆமை தொண்டையைச் செருமியது. "தகுதி இருக்கு தம்பி. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

வாசலில் மரங்கொத்தி கொத்திவைத்திருந்த விதி இது: காலமானவர்களுக்கு மட்டும்.

"நீ இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கியே!"

"ஐயோ தலைவரே, அது காலம் ஆனவங்க! ஆடுற காலம் முடிஞ்சவங்க! நடுவுல இடைவெளி விட்டுப்போச்சு."

மரங்கொத்திக்குக் கோபம் வந்துவிட்டது. "இடைவெளிய எப்படிங்க கொத்துறது? கொத்தாம இருந்தாத்தான் இடைவெளி. சும்மா இருக்கிறதுக்கு எனக்கு யாரு புழு குடுப்பா?"

"கொத்துனது கொத்துனதுதான்" என்று தீர்ப்புச் சொன்னது ஆமை.

"அப்ப உங்க பேரு எப்படி உள்ள இருக்கு? நீங்க உசுரோடதானே இருக்கீங்க?"

கரடி கூரையைப் பார்த்தது. "அன்னிக்குக் குளிர் ஜாஸ்தி. தலைவர் தலைய உள்ள இழுத்துக்கிட்டாரு. ஓட்டைத் தட்டிப் பார்த்தோம், பதில் இல்ல. மாலை போட்டு, பேரை வெட்டிட்டோம். பங்குனியில தலைய நீட்டி, 'என்ன விசேஷம்?'னு கேட்டாரு."

"இருந்தாலும் முறைப்படி செத்தேன்" என்றது ஆமை.

மாசாணம் வீட்டுக்குப் போனான். மறுநாள் காலையில் குளத்துப் பனிமேல் மல்லாந்து கிடந்தான்.

சேதி காடெங்கும் பரவியது. ரெண்டு மரங்களுக்கு நடுவே குரங்கு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியது. ஒரு மூலையில் மாசாணம் சின்னதாக இருந்தான்; நடுவில் கரடி கைகூப்பிக்கொண்டு பெரிதாக இருந்தது. அந்தக் கரடி நேரிலும் வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. "நின்னு ஆட ஆயிரம் பேரு இருக்கான். படுத்து ஆட ஒருத்தன்தானே இருந்தான்! இனி இப்படியொரு வயிறு இந்தக் காட்டுல பொறக்குமா!"

மண்டபத்துக்குள் மரங்கொத்தி பெயரைக் கொத்தும் சத்தம் கேட்டது. கேட்கக் கேட்க மாசாணத்துக்கு மீசை துடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டான்.

கடைசியாக அப்பா வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மகனின் வயிற்றில் கை வைத்தார்.

"நீ வழுக்கிப் போறப்ப எனக்கு நெஞ்சு நின்னுரும்டா. பாறைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு எல்லா ஆட்டமும் பார்த்திருக்கேன். உன்ன மாதிரி ஒருத்தன் வருவானா? எங்கண்ணே பட்டுருமோன்னுதான்டா சொல்லல."

மாசாணத்தால் தாங்க முடியவில்லை. சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "அப்பா, கடைசியா என்னமோ சொன்னீங்களே, அதை இன்னொரு தரம்..."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்தார்.

"ஊரான் பிள்ளையெல்லாம் செத்தாச் செத்தபடி கெடக்குது. எம்பிள்ளைக்கு அதுகூட ஒழுங்கா வரல."

"பேரை அழிங்க!" என்று கரடி கத்தியது. அழுததெல்லாம் வீணாகிவிட்டதே என்று அதற்கு ஆத்திரம்.

"கொத்துன குழிய யாருங்க தூக்குறது?" என்றது மரங்கொத்தி.

ஆமை வெகுநேரம் யோசித்தது. "பேரு உள்ள ஏறிடுச்சு. அதனால இவன் காலமானவன். நடமாடுறது அவன் சொந்த விஷயம்."

அன்றிலிருந்து மீன் பங்கு போடும் வரிசையில் மாசாணத்துக்கு இடமில்லை. "செத்தவங்களுக்குக் கெடையாது, தள்ளுங்க" என்றார்கள். ஆனால் சாயங்காலம் ஆனால் அவன் மண்டபத்துக்குப் போய், தன் பெயருக்குக் கீழே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் அப்பா படையலுக்கு ஒரு கொழுத்த மீனோடு வருவார். ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் என்று எடுத்து, மகன் போட்ட கோலையெல்லாம் சொல்லிச் சொல்லி உருகுவார்.

ஒருநாள் மாசாணத்துக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. அப்பா வெளியே போகும்வரை அடக்கி, பிறகு தும்மினான்.

"செத்தும் சளி விடல பாரு" என்று வாசலில் குரல் கேட்டது. "ராத்திரி காதை மூடிக்கிட்டுப் படுடா."

நீதி: நாலு பேர் உன்னைப் பற்றி நல்லதாகப் பேச ஆரம்பித்தால், எழுந்திருக்காதே. மீன் வேறு வரும்.