சீட்டில்லாத பன்னிரண்டு கப்

பன்னிரண்டு கப்பிலும் சீட்டு இல்லை.

ஒன்றில் மட்டும் இல்லையென்றால் காற்றின்மேல் பழி போட்டிருக்கலாம். லிஃப்ட் மெக்கானிக் தோட்டத்துச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, பலகைக்கு அடியில், செங்கல் இடுக்கில், சாக்கடை வாய்க்குள்கூட விரலை விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. நேற்று மனைவி கார் ஏறிப் போனதும் ஹோஸ் பைப்பை முழுசாகத் திருகித் தண்ணீர் விட்டவர் அவர்தான். அந்த வேகத்தில் சீட்டெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும்; செடி தப்பியதே பெரிய விஷயம்.

மனைவி ஒவ்வொரு கப்பிலும் நாற்றின் ரகத்தை எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தாள்: நான்கு பெரிய தக்காளி, நான்கு மஞ்சள், நான்கு குட்டித் தக்காளி. இப்போது பன்னிரண்டும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை மாதிரி நின்றன.

போகும்போது அவள் சொன்னது இரண்டே வாக்கியம். "பத்து நாள் அக்கா வீட்ல இருந்து யோசிச்சுட்டு, வர்றதா வேண்டாமான்னு சொல்றேன். அதுவரைக்கும் நாத்தை மட்டும் பாத்துக்குங்க."

பெரிய சண்டை எதுவும் இல்லை. அதற்கு முந்தின வாரம், "இந்த வீட்ல நான் சுவத்துக்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றாள். அவர் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து, "எந்தச் சுவர்?" என்று கேட்டார். ஈரம் கசிகிறதோ என்று நினைத்துத்தான் கேட்டார்.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவரை நம்பி அவள் ஒப்படைத்த உயிர்கள் இந்தப் பன்னிரண்டுதான். ஒரே நாளில் அவற்றின் பெயரைத் தொலைத்துவிட்டார்.

வேலையிடத்தில் ஓவர்லோடிடம் சொன்னார். ஓவர்லோடு அவரோடு இருபது வருஷமாக வேலை பார்ப்பவர். அவர் ஏறினாலே லிஃப்ட் மணியடிப்பதால் அந்தப் பெயர்.

"வீட்ல ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுதுய்யா."

"அது முடியாது."

"ஏன்?"

"அவ போன ரெண்டாம் நாளே சீட்டைத் தொலைச்சுட்டேன்னு சொல்லவா? யோசிக்கவே வேண்டாம், அங்கேயே இருந்துடுவா."

ஓவர்லோடு தாடையைச் சொறிந்தார். "அப்ப இலையைக் கசக்கி மோந்து பாரு. ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு வாசனை உண்டு."

கசக்கி மோந்தார். பன்னிரண்டிலும் தக்காளி வாசனை வந்தது. மறுபடி கசக்கினார். விரல் பச்சையானது, மூக்கு அடைத்துக்கொண்டது, மூன்று செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. மறுநாள் வெயில் பட்டால் நிமிரும் என்று தகர ஷீட்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் வந்து பார்த்தபோது இன்னும் இரண்டு சேர்ந்து தொங்கின.

ஐந்தாம் நாள், கருவிப் பையைக் காலி பண்ணிப் பன்னிரண்டு கப்பையும் அதில் அடுக்கி, மொத்தமாக நர்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

நர்சரிக்காரர் ஒரு கப்பைத் தூக்கி அடியைப் பார்த்தார். "கப்புல ஓட்டையே இல்லையே சார். வேர் தண்ணில நிக்குது. யார் பண்ண வேலை?"

"என் மனைவி."

"அவங்க ஓட்டை போட்டுத்தான் இருப்பாங்க. நீங்க இந்த டேப்பை ஒட்டி அடைச்சீங்களா?"

அடைத்திருந்தார். பலகை ஈரமாகிறது என்று, இன்சுலேஷன் டேப்பால். பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எங்கோ மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே ஒரு பல் டாக்டர் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"இங்கேயே இருக்கட்டும், வந்துடறேன்" என்று ஓடினார்.

பல் டாக்டரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வர இரண்டு மணி நேரம் ஆனது. பலகையில் காலிக் கப்புகள் மட்டும் கிடந்தன.

"செடிங்க எங்கே?"

"பாவமா இருந்துச்சு சார். கறுப்புப் பைக்கு மாத்தி, நிழல்ல வச்சுட்டேன்." நர்சரிக்காரர் பெருமையாகக் கை காட்டினார். பச்சை வலைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள். நானூறு இருக்கும். எல்லாவற்றிலும் தக்காளி நாற்று.

"இதுல என்னோடது எது?"

"உங்களுக்கு எந்த ரகம் வேணும்?"

"நான் கொண்டு வந்த ரகம்."

"அது என்ன ரகம்?"

"அதைக் கேக்கத்தானே வந்தேன்!"

நர்சரிக்காரர் வலையைத் தூக்கிக் குனிந்தார். "தொங்கிட்டிருந்துச்சே, அதை வச்சுக் கண்டுபிடிக்கலாம்" என்று உள்ளே போனார். தண்ணீரும் நிழலும் கிடைத்ததில் எல்லாம் நிமிர்ந்திருந்தன. அவர் வீட்டில் ஐந்து நாளாகச் செத்துக்கொண்டிருந்தவை இரண்டு மணி நேரத்தில் பிழைத்துவிட்டன.

"பன்னெண்டு எடுத்துக்கிட்டுப் போங்க சார். தக்காளிதானே. காய்ச்சா தெரிஞ்சுடும்."

காய்ப்பதற்கு இரண்டு மாதமாவது ஆகும். அவரிடம் இருந்தது ஐந்து நாள். கண்ணில் பட்ட பன்னிரண்டை எடுத்துக்கொண்டார். திரும்ப நடுவதற்காகக் காலிக் கப்புகளையும் பொறுக்கிக்கொண்டார். அவளுக்குக் கப்பு அடையாளம் தெரியும்.

மீதி வேலையை லிஃப்ட் வேலையாக நினைத்துக்கொண்டார். எந்த வயர் எதற்கு என்று தெரியாவிட்டாலும் எல்லா வயரிலும் ஒரு நம்பர் இருந்தால் மேலதிகாரி திருப்தியாகப் போய்விடுவார். ஆகவே சீட்டு ஒட்டினால் போதும். ஆனால் அவள் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

கையெழுத்துக்காக வீடு முழுக்கத் தேடினார். கிடைத்தது ஒரு சீட்டுதான், ஃப்ரிட்ஜ்மேல். அவருடைய ரத்த அழுத்த மாத்திரை: காலை ஒன்று, இரவு பாதி. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மாலை முழுக்க எழுதிப் பழகினார். அவள் சுழிகளை மூடாமல் விட்டுவிடுவாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்பதாம் நாள் பன்னிரண்டு கப்பிலும் சீட்டு ஏறியது. பெரிசு, மஞ்சள், குட்டி. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.

அன்றைக்கு ஒரு தடவை போனைக் கையில் எடுத்தார். அவள் பெயர்வரைக்கும் போனார். கூப்பிட்டால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கீழே வைத்தார்.

பத்தாம் நாள் காலையில் கார் சத்தம் கேட்டது. சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவள் அக்கா புருஷன் மட்டும் இறங்கினார்.

"அவ வரலையா சகலை?"

"இல்ல சகலை." அவர் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தேவைக்கு அதிகமாகத் துடைத்தார். "தையல் மெஷினை ஏத்திக்கிட்டு வரச் சொன்னா. துணிமணியும்."

மெக்கானிக் தலையை ஆட்டினார். ஏன் என்று கேட்காமலே மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இருவரும் தூக்கிக் காரில் வைத்தார்கள்.

"நாத்து?" என்றார் மெக்கானிக். "நாத்தைக் கேக்கலையா? வந்து பாருங்க. ஒண்ணுகூடச் சாகலை."

தோட்டத்தில் சகலை குனிந்து பார்த்தார். ஒரு கப்பை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சீட்டெல்லாம் இருக்கே சகலை."

"இல்லாம? அவ ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. பத்து நாள்ல ஒரு தடவைகூட போன் பண்ணி நான் அவளைத் தொந்தரவு பண்ணல. அதையும் சொல்லுங்க."

சகலை கப்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சீட்டை எல்லாம் கிளம்புற அன்னிக்கு அவளே உரிச்சுக் கைப்பையில போட்டுக்கிட்டுதான் வந்தா சகலை, இதைக் கேக்கவாவது நீங்க போன் பண்ணுவீங்கன்னு."