இருநூற்று நாற்பது இடியப்ப உரல்கள்

வாக்காளருக்கு லஞ்சம் கொடுப்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. கறுப்புக் கண்ணாடி, கக்கத்தில் ஒரு பை, பின்னால் நாலு தடியன்கள். உண்மையில் அந்த ஆள் நைற்றிக்கு மேலே துவாயைப் போட்டுக்கொண்டு, தலையில் இருந்த மூக்குக்கண்ணாடியை வீடு முழுக்கத் தேடிக்கொண்டு, கொக்குவிலில் எங்கள் முற்றத்தில் நின்றாள். அது நான்தான்.

அந்த முறை ஜனாதிபதித் தேர்தலில் வாக்குக் கேட்டவர்களின் பெயர்களை அடிக்க வாக்குச்சீட்டு முழக்கணக்கில் தேவைப்பட்டது. அதில் ஒருவர் கொழும்பில் ஏதோ ஏற்றுமதி வியாபாரம் செய்யும் பணக்காரர். கட்சி இல்லை, கூட்டம் இல்லை, யாழ்ப்பாணத்தை அவர் வரைபடத்தில் பார்த்திருக்கலாம். "நான் அரசியல்வாதி அல்ல" என்பதே அவருடைய ஒரேயொரு கொள்கை. சுயேச்சையாகக் கேட்ட அவருக்குக் கிடைத்த சின்னம், மா பிழியும் இடியப்ப உரல்.

அவருக்கு எங்கள் பக்கத்து அமைப்பாளர், என் கணவரின் சித்தப்பா மகன் குகன். (மூன்று தேர்தலில் மூன்று பேருக்கு அமைப்பாளராக இருந்தவன். அனுபவசாலி.)

"மச்சாள், ஆள் சொந்தக் காசிலை நிக்கிறார். ஏற்கெனவே காசு இருக்கிறவன் களவெடுக்க மாட்டான் தானே?" என்றான்.

"காசு இருக்கிறவன் இன்னும் வேணுமெண்டு நினைக்க மாட்டானோ?" என்று கேட்டார் என் கணவர், பேப்பரை இறக்காமலே.

"அண்ணை, நீங்கள் சும்மா இருங்கோ. மச்சாள், அவர் வந்தால் எங்கடை தாரணிக்கு ஜனாதிபதி செயலகத்திலை வேலை. நான் கதைச்சிட்டன். அவற்ரை சின்னத்தை ஊரிலை பங்கிட உங்கடை முற்றத்தை மட்டும் தாங்கோ."

அங்கேதான் நான் விழுந்தேன். தாரணி எங்கள் ஒரே பிள்ளை. பட்டம் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்து விண்ணப்பம் எழுதினாள். அவளை விட நான்தான் தபால்காரரை அதிகம் பார்த்திருப்பேன். கடைசியில் தேர்தல் கண்காணிப்பு அமைப்பு ஒன்றில் மூன்று மாத வேலை கிடைத்தது. நன்றாகச் செய்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போவாள்.

மகள் தேர்தல் குற்றம் பிடிக்கப் போகிறாள், நான் குற்றத்துக்கு இடம் கொடுக்கிறேன் என்ற இரண்டு விஷயமும் என் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. படித்தவள்தான் நான். கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருடம் எழுதுவினைஞர் வேலை வேறு.

ஒரு சனிக்கிழமை, தாரணி புறப்பட்டுப் போன கையோடு குகனின் சின்ன லொறி வந்தது. இருநூற்று நாற்பது உரல்கள். புத்தம் புதியவை. ஒவ்வொன்றிலும் வேட்பாளர் சிரிக்கும் ஒட்டுப் படம்.

"நம்பிக்கையான ஆக்களுக்கு மட்டும் மச்சாள். சத்தம் போடாமல் ஒண்டொண்டாக் குடுங்கோ. மத்தியானத்துக்கிடையிலை முடியவேணும்." சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னபடி செய்திருந்தால் நான் சாதாரணக் குற்றவாளியாக இருந்திருப்பேன். ஆனால் நான் மாதர் சங்கத்தின் செயலாளர். எங்கள் ஊருக்கு இத்தனை காலத்தில் அரிசி வந்தது, மா வந்தது, தறப்பாள் வந்தது, தென்னங்கன்று வந்தது. ஒன்றாவது குடும்ப அட்டையும் கையெழுத்தும் இல்லாமல் வந்ததா? அட்டை காட்டாமல் ஒரு பொருளை வாங்கினால் களவெடுத்த மாதிரி எங்களுக்குக் கை கூசும். ஒரு வீட்டுக்கு இரண்டு போய்விட்டால்? அடுத்த வீட்டுக்கு இல்லாமல் போனால்? லஞ்சம் என்றாலும் நீதியாகக் கொடுக்க வேண்டாமா?

சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "இடியப்ப உரல் வழங்கப்படும். குடும்ப அட்டையுடன் வரவும்."

ஒரு சீ.ஆர். கணக்குக் கொப்பி எடுத்து அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன். பெயர், அட்டை இலக்கம், கையொப்பம். குகனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று "வீட்டில் உள்ள வாக்குகள்" என்றும் ஒரு நிரல் சேர்த்தேன். (உலகத்தில் எந்தத் தேர்தல் குற்றவாளியாவது இப்படி அழகான சாட்சியம் தயாரித்திருப்பாளா, சொல்லுங்கள்.)

ஒன்பது மணிக்கு வரிசை எங்கள் படலையைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, ரயில் கடவை வரை போயிருந்தது. நான் கதிரையும் மேசையும் போட்டு இருந்து, பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தேன். எழுபதாவது ஆள் கையெழுத்துப் போடும்போது படலையடியில் சத்தம்.

"ஏய் பிள்ளை, தொப்பி போட்டிருந்தால் முன்னாலை போகலாமோ? வரிசையிலை வா!" என்று மகேசு அக்கா கத்தினா. வரிசையில் ஒரு ஆள் முந்தினாலும் விடாத மனுசி.

நிமிர்ந்து பார்த்தேன். தாரணி. பக்கத்தில் அவளுடைய மேலதிகாரி, நரைத்த தலை, கையில் படிவங்கள். யாரோ தொலைபேசியில் முறைப்பாடு சொல்லியிருக்கிறார்கள். ஒழுங்கையின் பெயரைக் கேட்டபோதே அவளுக்கு முகம் வெளிறியதாம். வீட்டு இலக்கம் வரும்வரை யாரோ அயலாராக இருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டே வந்தாளாம்.

நான் கதிரையை விட்டு எழும்பினேன். வாயைத் திறந்தபோது வந்த வசனம் இது:

"சேர், இது… இது மகளின்ரை சீதனச் சாமான்."

மேலதிகாரி உரல் அடுக்கைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். "எத்தனை மாப்பிள்ளையள் அம்மா?" என்று அமைதியாகக் கேட்டார்.

வரிசையே சிரித்தது. தாரணி மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த கொப்பியை எடுத்துப் பக்கம் புரட்டினாள். "வீட்டில் உள்ள வாக்குகள்" நிரலில் அவள் விரல் நின்றது.

"பிள்ளை, நீர் போய் வாகனத்திலை இரும். நான் எழுதுறன்," என்றார் அவர்.

"இல்லை சேர். நான் ஒதுங்கினால் பிறகு மறைச்சதெண்டு சொல்லுவினம். நானே எழுதுறன்." பேனையைத் திறந்தாள். "உங்கடை முழுப்பேர்?"

"என்ரை பேர் தெரியாதோடி உனக்கு?"

"சொல்லுங்கோ அம்மா. நீங்கள் சொல்லித்தான் நான் எழுதவேணும்."

சொன்னேன். வயது கேட்டாள். இரண்டு வயது குறைத்துச் சொன்னேன். (பழக்கம்.) தலையை நிமிர்த்தாமலே சரியான வயதை எழுதினாள். கடைசியில் ஒரு கட்டம்: முறைப்பாட்டுக்குரியவருக்கும் கண்காணிப்பாளருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? அதில் "தாய்" என்று எழுதினாள். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேலையை நானே கொப்பியில் கோடு கீறி முடித்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

பொலிஸ் வந்தது. மிஞ்சிய உரல்களை ஏற்றினார்கள். குசினிக்குள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த என் சொந்த உரலையும் எடுத்தார்கள்.

"ஐயா, அது என்ரை! பதினைஞ்சு வருசப் பழசு!"

"எல்லாம் ஒரே சின்னம்தானே அம்மா," என்றார் பொலிஸ்காரர்.

குகனின் தொலைபேசி அன்றிலிருந்து தேர்தல் முடியும்வரை நித்திரை. நான் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்து, கடும் எச்சரிக்கை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த கிழமை எங்கள் வேட்பாளருக்குத் தொலைக்காட்சியில் இலவச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். குடும்பமாக இருந்து பார்த்தோம். மனுசன் பதினைந்து நிமிடமும் இன்னொரு பெரிய வேட்பாளரைப் புகழ்ந்தார். வாக்கை அவருக்கே போடும்படி கையெடுத்துக் கும்பிட்டார். தானும் ஒரு வேட்பாளர் என்பதையே மறந்துபோனார்.

"சொந்தக் காசு எண்டவன் எல்லே குகன்? உரல் இவரின்ரை. மா ஆரின்ரையோ!" என்றார் என் கணவர்.

தாரணி தன் வேலை பற்றித் தலைமைக் காரியாலயம் எடுக்கும் முடிவுக்காகக் காத்திருந்தாள். அதற்குப் பிறகு நாலு நாளும் நான் அவளுக்குச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டேன். ஐந்தாம் நாள் தொலைபேசி வந்தது. "ஓம்… ஓம் சேர்… நன்றி சேர்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தாயையே எழுதிக் குடுத்தவள் வேறை ஆரையும் விடமாட்டாளாம். தேர்தல் முடிய நிரந்தரமாக்கப் போகினமாம்."

நான் அழுதேன். "நான் செய்த குற்றத்தாலை தானே உனக்கு வேலை" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் முறைத்த முறைப்பில் அந்த வாதத்தை அன்றோடு கைவிட்டேன்.

தேர்தல் முடிந்தும் என் உரல் திரும்பி வரவில்லை. போய்க் கேட்கப் பயம், கடையில் புதிது வாங்கவும் பயம். வெள்ளை மேலங்கி போட்ட யாரையும் வீதியில் கண்டால் இன்றைக்கும் அடுத்த ஒழுங்கையால் திரும்பிவிடுவேன். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு இப்போது புட்டு. நாளைக்கும் புட்டு.

தாரணி இப்போது புதிய கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பெயரை மறைத்து அந்தப் படிவத்தைத் திரையில் காட்டுவாளாம். போன மாதம் உடுவிலில் நடந்த வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாளாம்: "மிஸ், பாவம், அந்த அம்மாவை இப்ப எங்கை வைச்சிருக்கினம்?"

"என்ரை வீட்டிலைதான் பிள்ளை. புட்டு அவிச்சுக்கொண்டிருப்பா," என்றாளாம் என் மகள்.