மூன்றாம் லிஃப்டும் நானூற்றுப் பன்னிரண்டு அடைப்புக்குறிகளும்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். உங்கள் முழங்காலும் அக்காவின் ரத்த அழுத்தமும் சொன்னபடி கேட்கின்றன என்று நம்புகிறேன்.

முதலில் உறுதியான செய்தி. இன்று செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எங்கள் கட்டடத்தின் மூன்றாம் லிஃப்ட், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே எங்கள் மேலாளர். தகவல் தந்தவர் வாசல் காவலாளி. மேலாளர் கத்தியதைத் தன் காதாலேயே கேட்டவர். வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் நான் பேசிய சில வார்த்தைகளைப் பற்றி மேலாளர் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பார். இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்தவர் நீங்கள். என் தரப்பையும் கேட்டுவிடுங்கள்.

இங்குள்ள ஆறு லிஃப்டுகளும் எப்போது எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கணினி நிரலை எழுதியவன் நான். பத்தொன்பது வருடமாக ஓடுகிறது. ஒவ்வொரு கட்டளையும் ஓர் அடைப்புக்குறிக்குள், அது இன்னொன்றுக்குள் (சட்டைப்பைக்குள் பர்ஸ் (பர்ஸுக்குள் சாவி) இருப்பது போல). திறப்பு நானூற்றுப் பன்னிரண்டு, மூடல் நானூற்றுப் பன்னிரண்டு. தினமும் பென்சிலால் எண்ணிப் பார்த்த பிறகுதான் காப்பி குடிப்பேன்.

எங்கள் அலுவலகத்தில் வியாழக்கிழமைதோறும் ஒருவர் தன் நிரலை மற்றவர்கள் முன் வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஒரு குறியைக்கூட விடக்கூடாது. போன வாரம் என் முறை. கடைசி வரியில் ஒன்பது மூடல்கள் வரிசையாக நிற்கும். "மூடு, மூடு, மூடு" என்று நான் வாசித்துக்கொண்டு போக, நிரலைச் சுருக்கமாக எழுதுவதால் 'சுருக்கம்' என்று எல்லோரும் கூப்பிடும் எங்கள் அலுவலகப் பெண் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு ஜன்னலை. "அண்ணே, இன்னும் ஏழு இருக்கே, பீரோவையும் சாத்திரட்டுமா?" எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும்தான்.

என் நிரலுக்குப் பதிலாக வேறொன்று எழுதியிருப்பவளும் அவள்தான். அதில் அடைப்புக்குறியே கிடையாது. எது எதற்குள் அடங்கும் என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். அத்தான், வெறும் காலி இடத்தை நம்பி மனுஷனை எட்டாவது மாடிக்கு ஏத்துறதா? கேட்டேன். "படிக்கிறவங்களுக்குப் புரியணும்ல அண்ணே? உங்க புரோகிராம் முழுக்கப் பொத்தானா இருக்கு, சட்டையத்தான் காணோம்" என்றாள். "உன் புரோகிராமை ஒரு தும்மல் கலைச்சிடும்" என்றேன். அதற்கு நான் அரைப்பக்கம் மன்னிப்பு எழுதித் தர வேண்டும் என்கிறார் மேலாளர். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி கெடு. தராவிட்டால் ஆறு லிஃப்டிலிருந்தும் என் நிரல் வெளியே, நான் புகார்த் தொலைபேசி மேசைக்கு.

புது நிரலைச் சோதனைக்காக ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிட்டதாக அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள், எந்தெந்த லிஃப்டில் என்று போடவில்லை. இன்று செவ்வாய், லிஃப்ட் நிற்கிறது. நான் சும்மா இருப்பேனா? ஐந்தாம் மாடிக்கு ஓடி, கதவு இடுக்கில் வாயை வைத்தேன்.

"சார், யாரோ தும்மிட்டாங்க போல!"

"யோவ், மொதல்ல கதவைத் திற!"

"திறக்கிறதுன்னா அதுக்கு ஒரு குறி வேணுமே சார். அதைத்தான் வேணாம்னுட்டீங்களே!"

பக்கத்தில் நின்ற கணக்காளரம்மா, "பாவம்ங்க, அவருக்கு மூச்சு வாங்குது" என்றார். வாங்கட்டும் என்றேன். இதைத்தான் மேலாளர் உங்களிடம் புகாராகச் சொல்லியிருப்பார். சொன்னேன், இல்லை என்று மறுக்கவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அரைப்பக்கம் அல்ல, அரை வரிகூட எழுத மாட்டான் என்று. புகார் மேசையில் உட்கார வைத்தால் உட்காருகிறேன். வருகிற முதல் புகாரே லிஃப்டைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அக்காவுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாடிப்படி வேண்டாம்.

உங்கள் அன்புள்ள,
மைத்துனன்

பின்குறிப்பு: மாலை நான்கு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் கையெழுத்திட்ட தாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை புது நிரலை ஏற்றியது ஒன்றாம், இரண்டாம் லிஃப்டுகளில் மட்டும். அவை இரண்டும் நன்றாக ஓடுகின்றன. மூன்றாவதில் இருந்தது என்னுடையது. போன வாரம் ஒரு திருத்தம் செய்தபோது ஒரு மூடலை ஒரு வரி கீழே போட்டிருக்கிறேன். சுருக்கம்தான் கண்டுபிடித்தாள், நான்கு நிமிடம் ஆனது. "எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு அண்ணே" என்றாள். பிறகு அந்த மூடலை என் பென்சிலாலேயே வட்டமிட்டாள். கேலி செய்திருக்கலாம்.

அரைப்பக்கம் எழுதி முடித்துவிட்டேன். அதில் பதினான்கு ஜோடி அடைப்புக்குறிகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட எடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொடுக்கிறேன். மேலாளர் ஏற்பாரா என்பது மதியத்துக்குள் தெரியும். அவர் இப்போது லிஃப்டை விட்டுப் படியேறி வருவதால் சற்றுத் தாமதமாகலாம்.