பாவுக்குப் போன கேழ்வரகு

எங்கள் வீட்டில் மூடி போட்ட பாத்திரம் எதையும் என்னை நம்பித் தரமாட்டார்கள். தந்தாலும், "தொறந்து பாத்தியா?" என்று ஒரு குரல் பின்னாலேயே வரும். அதற்கு நான் தகுதியானவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது என் மகனுக்கு ஒன்பது மாதம். காய்ச்சல் வந்து போனதிலிருந்து பத்து நாளாகத் தாய்ப்பாலைத் தவிர எதையும் தொடவில்லை. கேரட் மசியல், வாழைப்பழம், பருப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் என் சட்டைமேல் துப்பினான். (சட்டைகள் நல்ல போஷாக்காக இருந்தன.) எடை குறைந்துவிட்டது. "வர்ற புதன்கிழமைக்குள்ள ஏறலன்னா பெரிய ஆஸ்பத்திரிதாம்பா" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பயம்.

என் மனைவி சுமதிக்கு வாலாஜாபாத்தில் வேலை. அன்று காலை முளைகட்டிய கேழ்வரகை அரைத்துப் பாலெடுத்து, கஞ்சி காய்ச்சி, துளி நெய் விட்டுத் தூக்குவாளியில் வைத்தாள். "சர்க்கரை போடாதீங்க, உப்பு போடாதீங்க, ஃபோன் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். முதல் இரண்டைக் காப்பாற்றினேன்.

பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு தூக்கு. அது பட்டு நெய்கிற என் அண்ணனுடையது. நெய்வதற்கு முன் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, விறைப்பு ஏற அரிசிக் கஞ்சி போடுவார். அன்று ஒரு முகூர்த்தப் புடவைக்கான பாவு.

"டேய், கஞ்சி எடுத்தாடா! வெயில் ஏறிக்கினு இருக்குது!"

ஃபோனைப் பார்த்தபடியே ஒரு தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். (பார்த்தது குழந்தைக்கு உணவூட்டும் முறை பற்றிய வீடியோ. கேவலம்.) திரும்பி வந்து மற்றதைத் திறந்தால் வெள்ளைவெளேரென்று இருந்தது. கேழ்வரகு எப்படி வெளுத்தது என்று ஒரு மனிதன் யோசிக்க வேண்டாமா? யோசித்தேன். துணியில் வடிகட்டியதால் வெளுத்திருக்கும் என்று முடிவுகட்டினேன். பட்டதாரி மூளை!

முதல் கரண்டியை அவன் துப்பவில்லை. இரண்டாவதற்குத் தானே வாயைத் திறந்தான். அப்புறம் கிண்ணத்தையே பிடித்து இழுத்தான்.

"இன்னாடா இது? பழுப்பா கீதேன்னு பாத்தா, பாவுல நெய் வாசன வருது!"

தெருவிலிருந்து அண்ணனின் குரல். தூக்கு மாறிப்போனது அப்போதுதான் உறைத்தது. பிள்ளையையும் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அண்ணா, உன் கஞ்சில இன்னா கலந்த? சொல்லுண்ணா!"

அண்ணன் திட்டுத்திட்டாக நெய் ஏறியிருந்த பாவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"வெறும் பச்சரிசிடா. இன்னும் ஒண்ணும் கலக்கல. குடிச்சானா?"

"முக்கா கிண்ணம்ணா."

"அப்ப நின்னுக்கினு கீறியே? மீதிய குடுடா மொதல்ல!"

பாவை அப்படியே விட்டுவிட்டு, தெருவிலேயே உட்கார்ந்து இருவரும் ஊட்டினோம். அந்தப் பாவை அலசி மறுபடி கஞ்சி போட அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சுமதியிடம் ஃபோனில் சொன்னபோது, "எவ்ளோ குடிச்சான்?" என்றுதான் முதலில் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். எதைக் குடித்தான் என்று பிறகுதான் கேட்டாள். (அதற்கப்புறம் அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.) மறுநாளிலிருந்து அரிசிக் கஞ்சியிலேயே பருப்பும் நெய்யும் சேர்த்தோம். புதன்கிழமை எடை முள் கொஞ்சம் ஏறியது.

இப்போது அவனுக்கு நாலு வயது. குளிக்க மாட்டேன் என்றால் மாட்டேன்தான். கெஞ்சினாலும் அதட்டினாலும் விறைத்துக்கொண்டு நிற்பான். சுமதி என்னைத்தான் முறைப்பாள். அண்ணன் தறியிலிருந்தே குரல் கொடுப்பார்:

"அவன இன்னாத்துக்குமா திட்ற? கஞ்சி போட்ட புள்ள. மடங்குவானா?"