தொண்டையில் சிக்கிய ஞாயிற்றுக்கிழமை

வெல்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவோடுதான் எழுந்தார். என்ன ஆனாலும் சரி, இன்றைக்குக் கேரம் ஆடியே தீருவது. பக்கத்துத் தெருக்காரர்களோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் வருஷம் பூரா காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இரும்பையே வளைக்கிற மனுஷன், கட்டின பெண்டாட்டியை வளைக்க முடியாதா?

முடியாது. அது தெருவுக்கே தெரியும். அவருக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மறந்துபோகும்.

சங்கதி இதுதான். தெருக்கோடிக் கூடத்தில் ஒரு நர்ஸம்மா வந்து, குழந்தை பெற்றவர்களுக்கு இலவசமாக முதலுதவி சொல்லிக்கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் மாறி பஸ் ஏற வேண்டிய பகுதி அது. போன மாதம் இவர்கள் குழந்தைக்கே தொண்டையில் கடலை அடைத்துக்கொண்டது. நல்ல காலம், தானாகத் தெறித்து விழுந்தது. அன்றைக்கு நடுங்கின நடுக்கம் அவர் மனைவிக்கு இன்னும் அடங்கவில்லை. வகுப்புக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள். அவள் அங்கே போனால், பிள்ளை இங்கே வெல்டர் இடுப்பில்.

"புரை ஏறினா தலையில தட்டுனாப் போச்சு. இதுக்கு ஒரு வகுப்பா?"

"தட்டுனீங்களே, பாத்தேனே! அடைச்சது தொண்டையில, தட்டுனது உச்சியில. கீழ்வீட்டுல தீப்பிடிச்சா மொட்டை மாடியில தண்ணி ஊத்துவீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

ஜன்னலில் இஸ்திரிக்காரர் தலை தெரிந்தது. கேரத்தில் வெல்டருக்கு ஜோடி அவர்தான்.

"வர்றியா, இல்லையாப்பா? அவங்க காய் அடுக்கிட்டாங்க."

"கூடத்துக்கு ஓடு. பிள்ளைக்குத் தொண்டையில ஏதோ அடைச்சிருச்சுன்னு சொல்லு. அலறி அடிச்சுக்கிட்டு வருவா. பிள்ளைய அவ கையில திணிச்சிட்டு நாம கம்பி நீட்டிரலாம்."

பெற்றவள் வயிற்றில் புளியைக் கரைக்கிற பொய் அது. கேரம் பைத்தியத்துக்கு அதெல்லாம் உறைக்குமா?

இஸ்திரிக்காரர் போன வேகத்தில் திரும்பி வந்தார். தனியாக.

"எங்கய்யா அவ?"

"வரலை. 'பாப்பா அழுவுதா அண்ணே?'ன்னு கேட்டுச்சு. 'கத்துற கத்துல கூரை பிச்சுக்குது தங்கச்சி'ன்னேன். 'அழுவுதுன்னா மூச்சு நல்லாப் போகுதுன்னு அர்த்தம். வாயில விரல விடாம பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க'ன்னுச்சு. அப்புறம், 'மூக்குல கேரம் பவுடர் ஒட்டியிருக்கு, தொடச்சுக்குங்கண்ணே'ன்னும் சொல்லுச்சு."

"அட மண்டு! சத்தமே வரலைன்னு சொல்றதுதானே?"

"பச்சைப்பிள்ளையப் பத்தி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராதுப்பா."

"சரி, எனக்குன்னு சொல்லு. புருஷனுக்கு அடைச்சிருச்சு, பேச்சு மூச்சே இல்லைன்னு சொல்லு."

அதைச் சொல்ல இஸ்திரிக்காரருக்கு வாய் தாராளமாக வந்தது.

இந்தத் தடவை மனைவி வந்தாள். கூடவே நர்ஸம்மா வந்தாள். அவர்கள் பின்னால் வகுப்பே திரண்டு வந்தது. வெல்டர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைப் பிதுக்கினார். குழந்தை கீழே உட்கார்ந்து கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, பேச முடியுதா?"

இல்லையென்று தலையாட்டினார்.

"இரும முடியுதா?"

அதற்கும் தலையாட்டினார்.

நர்ஸம்மா அவர் உதட்டைப் பார்த்தாள். மூச்சடைத்தால் நீலம் பாய்ந்திருக்க வேண்டும்; அதுவோ வெற்றிலை போட்டது மாதிரி செக்கச்செவேலென்று இருந்தது. மனைவியைப் பார்த்தாள். மனைவி கண்ணாலேயே ஏதோ சொன்னாள்.

"சரி, நீங்களே பண்ணுங்க. மத்தவங்க நல்லாப் பாத்துக்குங்க."

மனைவி வெல்டரை முன்பக்கம் குனிய வைத்தாள். ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில், உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் வைத்தாள் ஒன்று. வெல்டருக்குப் பட்டறையில் பார்க்காத பொறியெல்லாம் பறந்தது. பேசினால் பொய் வெளியே வந்துவிடும். பேசாவிட்டால் உயிர் வெளியே வந்துவிடும். அடுத்தது விழுந்தது. அதற்கு அடுத்ததும்.

"தாக்குப் பிடிக்கிறாரு மனுஷன்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"இதுக்கும் போகலைன்னா, பின்னாடி நின்னு வயித்தை இறுக்கிப் பிடிச்சு மேல தூக்கணும், இல்லீங்களா சிஸ்டர்?" மனைவி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று அலறினார் வெல்டர்.

"என்ன வந்துச்சு?"

"பேச்சு வந்துருச்சும்மா!"

வீடே சிரித்தது. இஸ்திரிக்காரர் இருந்த இடம் தெரியவில்லை. நர்ஸம்மா மட்டும் சிரிக்காமல், யோசனையோடு வெல்டரை மேலும் கீழும் அளந்தாள்.

"பொம்மைய வச்சுச் சொன்னா யாருக்கும் மனசுல நிக்க மாட்டேங்குது. இவரு நடிப்பப் பாத்து இன்னிக்கு எல்லாரும் கத்துக்கிட்டாங்க. மத்த தெருவுலயும் வகுப்பு இருக்கு. வந்து செஞ்சு காட்டுவாரா? பழகுறவங்க மெதுவாத்தான் தொடுவாங்க."

"ஞாயித்துக்கிழமையில எனக்கு..." என்று ஆரம்பித்தார் வெல்டர்.

"ஒரு வேலையும் இல்ல சிஸ்டர்," என்று பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள் மனைவி. "கூட்டிட்டுப் போங்க. முதுகும் நல்ல அகலம், எத்தனை பேரு வேணா பழகலாம்."