மரவட்டையின் நாற்பத்து மூன்றாம் கால்

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஒற்றுமை வளர்த்த நேரம் போக மீதி நேரத்தில் அங்கே வைத்தியமும் பார்த்தார்கள்.

அங்கே வள்ளிக்கண்ணு என்ற மரவட்டை வந்து சேர்ந்தாள். இடப்பக்கம் நூறு, வலப்பக்கம் நூறு என்று இருநூறு கால்காரி. இடப்பக்கத்து நாற்பத்து மூன்றாம் காலில் கருவேல முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தது. மறுநாள் தங்கை மகளுக்குக் கல்யாணம். இன்றைக்கே முள்ளை எடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். இருநூற்றில் ஒன்றுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை.

அறுவை செய்பவர் மரங்கொத்தி டாக்டர். பணி நேரத்தில் நோயாளியைக் கொத்தித் தின்பதில்லை என்று எழுதிக் கொடுத்தவர். மரத்துப்போக ஊசி போடுபவர் ஆந்தை டாக்டர். ஃபைல் வைத்திருப்பவள் மைனா சிஸ்டர். கால் மாறிப்போகக் கூடாதே என்று மூவரும் தனித்தனியாக எண்ணிக் குறித்து வைத்திருந்தார்கள்.

மரங்கொத்தி தலையிலிருந்து எண்ணினார்: நாற்பத்து மூன்று. ஆந்தை வாலிலிருந்து எண்ணினார்: ஐம்பத்தெட்டு. மைனா இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி எண்ணினாள்: எண்பத்தைந்து. வள்ளிக்கண்ணு மேசையில் படுத்த பிறகுதான் மூன்று காகிதமும் ஒன்றையொன்று பார்த்தன.

வள்ளிக்கண்ணு பதறி எழப் பார்த்தாள். "சார், இதோ இந்தக் கால்தான். நானே தூக்கிக் காட்டுறேன் பாருங்க."

"அசையாதீங்கம்மா, எண்ணிக்கை தப்பிடும்" என்றாள் மைனா.

"என் எண்ணிக்கை தப்புன்னு யாராவது சொல்றீங்களா?" என்று ஆந்தை கண்ணை உருட்டினார்.

"சேச்சே! நாம ஒரே டீம் சார்" என்றார் மரங்கொத்தி.

போன வாரம்தான் மூவரும் குழுப்பணிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். யார் மனமும் கோணக் கூடாது. ஆகவே மூன்று எண்ணையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். அறுபத்திரண்டு வந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி.

இடப்பக்கத்து அறுபத்திரண்டாம் காலைக் கிழித்தார்கள். உள்ளே முள் இல்லை. "எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்று பூரித்துப்போய் மூன்று தையல் போட்டார்கள். 'அறுவை வெற்றி' என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள்.

நல்ல காலில் கட்டும் கெட்ட காலில் முள்ளுமாக வள்ளிக்கண்ணு வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தரை துடைத்துக்கொண்டிருந்த கட்டெறும்பு சடைச்சி வாளியை வைத்துவிட்டு வந்தாள்.

"எந்தக் காலு, அக்கா?"

அந்த ஆஸ்பத்திரியில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். வள்ளிக்கண்ணு காலைத் தூக்கிக் காட்டினாள். சடைச்சி வாயால் கவ்வி ஒரே இழுப்பு. முள் வந்துவிட்டது.

மறுநாள் வள்ளிக்கண்ணு கல்யாணத்துக்கு நடந்தே போனாள். அவள் குணமான செய்தி மேலிடத்துக்கு எட்டியதும் மூவருக்கும் சிறந்த குழுவுக்கான கேடயம் கொடுத்தார்கள். சடைச்சிக்கு மெமோ வந்தது: 'குழுவைக் கலந்தாலோசிக்காமல் நோயாளியைக் குணப்படுத்தியது ஏன்?'

நீதி: கூடித் தப்பு செய்தால் கேடயம், தனியாகச் சரி செய்தால் மெமோ. ஆகவே முள் குத்தியவர்கள் நேரே வராந்தாவுக்குப் போய் அழவும்.